மருந்து அடிப்பதற்கு முன் ஒரு கணக்கு

புரட்டாசிப் பட்டத்து மக்காச்சோளம் முளைத்து வரும்போது ரஞ்சன்குடிச் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு 2018 நினைவுக்கு வராமல் இருக்காது. அந்த ஆண்டுதான் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்தது. பெரம்பலூர், அரியலூர் மானாவாரி மக்காச்சோளத்துக்குப் பெரும் சேதம் செய்தது. அன்று கூட்டங்களில் முதலில் எழுந்த கேள்வி "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். "நூறு செடியில் எத்தனை செடி தாக்கப்பட்டிருக்கிறது?" என்று கேட்டவர்கள் குறைவு.

விவசாயிகளுக்கு அறிவு குறைவு என்பதல்ல இதற்குக் காரணம். கூட்டம் நடக்கும் முறையில்தான் கோளாறு. அதிக நிலம் உள்ளவரோ, எங்களைப் போன்ற அதிகாரியோ முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். களை எடுக்கும்போது குருத்தில் எச்சத்தையும் இலையில் முட்டைக் குவியலையும் முதலில் பார்ப்பவர்கள் பெண்கள். அவர்களோ பின்வரிசையில் பேசாமல் இருக்கிறார்கள்.

இதற்கு மாற்று நமக்குத் தெரிந்ததுதான். 1989-இல் இந்தோனேசிய நெல் வயல்களில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி பிறகு நம் நாட்டுக்கும் வந்தது. அங்கே பேச்சு பிறகுதான், பார்வைதான் முதலில். நாலைந்து பேர் கொண்ட சிறு குழுக்கள் காலையில் வயலில் இறங்கி, பூச்சியையும் அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சியையும் எண்ணி, தாளில் வரைந்து, குழுவுக்கு ஒருவராக எடுத்துச் சொல்வார்கள். முடிவு அதன்பிறகே.

மக்காச்சோளத்திலும் இதைச் செய்யலாம். வயலில் 5 இடத்தில் 20 செடி வீதம் பாருங்கள். 100 செடியில் தாக்கப்பட்டவை எத்தனையோ, அதுவே சதவீதம். புழு குருத்துக்குள் ஒளிந்திருக்கும். எண்ணாமல், குருத்தில் படாமல் அடிக்கும் மருந்து காசுக்குத்தான் கேடு.

பணம் சம்பந்தப்பட்ட முடிவுக்கும் இது பொருந்தும். 2017–18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்கள் ஐந்து சேர்ந்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு ஆனது. ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. அதில் எந்தக் கருவி வாங்குவது என்பதை ஐந்தாறு பேர் முடிவு செய்தால், அது அந்த ஐந்தாறு பேர் வயலில்தான் ஓடும். எத்தனை ஏக்கருக்கு வேலை இருக்கிறது, யார் ஓட்டுவது, வாடகை எவ்வளவு, பழுதானால் யார் செலவு என்பதை 20 பேர் குழுவிலேயே முதலில் பேசி எழுதிக்கொண்டு வர வேண்டும்.

கூட்டம் நடத்துவோர் மூன்றைக் கடைப்பிடித்தால் போதும். பெண்களும் குத்தகைதாரர்களும் முதலில் பேசட்டும். முடிவோடு மறுப்பையும் அதன் காரணத்தையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் எண்ணிப் பார்த்து, முடிவு தவறென்றால் மாற்றுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசியில் பேசுங்கள். நாம் முதலில் வாய் திறந்த கூட்டங்களில் வயலில் என்ன நடக்கிறது என்பது நமக்கே தெரியாமல் போயிருக்கிறது.