சாண்டர் செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா?

போன ஞாயித்துக்கிழமை தாத்தாவோட தேக்கு ஈஸிசேரை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு பாலிஷ் அடிக்கலாம்னு உட்கார்ந்தேன். ஒரு கை முடிஞ்சுது. அடுத்த கைக்கு வந்தப்ப சாண்டர் கப்சிப். ஒரு முனகல்கூட இல்லை. (தங்கமணி முகத்துல அப்படி ஒரு நிம்மதி. வீடெல்லாம் தூசியாம்!)

சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போனேன். பேரெல்லாம் வேணாம். அங்கிருந்த தம்பி திறந்துகூடப் பார்க்கலை. "மோட்டார் போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க." வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகுது மக்கா!

காயில் கருகினா நாத்தம் வரணுமே? பேரிங் இறுகியிருந்தா உர்ர்னு சத்தமாவது வரணுமே? வீட்டுக்கு வந்து அதே பிளக் பாயிண்ட்ல மிக்ஸியைப் போட்டேன், ஓடிச்சு. சாண்டர் பிளக்கைப் பிடுங்கி வெச்சுட்டு (இது ரொம்ப முக்கியம்) மூடியைக் கழட்டினேன். ஒயர் உள்ளே நுழையுற இடத்துல மடங்கி மடங்கி அறுந்துபோறதும், சுவிட்சுக்குள்ள மரத்தூள் அடைச்சுக்கறதும் சகஜம். மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்ததுல ரெண்டுமே நல்லா இருந்துச்சு.

அப்புறம்தான் கார்பன் பிரஷ்ஷை உருவினேன். ஒண்ணு நகக்கண் அளவுக்குத் தேஞ்சு போயிருக்கு! சுத்துற செம்பு உருளை மேல ஸ்பிரிங் இந்தக் கார்பனை அழுத்திக்கிட்டே இருக்கணும். தேஞ்சுட்டா எட்டாது. ரெண்டுல ஒண்ணு எட்டலைன்னாலும் மோட்டாருக்குக் கரண்ட் கிடையாது. அவ்வளவுதான் விஷயம். கொஞ்ச நாளாவே உள்ளே பொறி பறந்துச்சு, தட்டினாத்தான் ஓடிச்சு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

மிக்ஸி நின்னா 'கார்பன் மாத்தணும்'னு நம்ம பாட்டிக்கே தெரியும். பல ஆயிரம் கொடுத்து வாங்கற மெஷினுக்கு மட்டும் ஏன் இந்த ரகசியம்? 2022 டிசம்பர்ல ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்குன்னே ஓர் இணையதளம் தொடங்கிச்சு. நல்ல விஷயம்தான். ஆனா கவுண்டர்ல இருக்கறவர் திருப்புளியைக் கையில எடுத்தாத்தானே உரிமை? என் கட்சி இதுதான்: பிரஷ் மூடி வெளியிலேயே இருக்கற மெஷினா பார்த்து வாங்குங்க. பிரஷ்ஷே இல்லாத மோட்டார் இப்ப வருது, அது வேற கதை.

தெருமுனை மிக்ஸி ரிப்பேர்க்காரர் தகர டப்பாவைக் கிளறி அதே அளவுல ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். தேஞ்சது ஒண்ணுதான்னாலும் ரெண்டையும் சேர்த்தேதான் மாத்தணும்னார். மாத்திட்டு அஞ்சு நிமிஷம் சும்மா ஓடவிட்டேன். ஈஸிசேரோட இன்னொரு கை சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுது. தங்கமணிதான் இன்னும் தூசி தட்டிக்கிட்டு இருக்காங்க.