ஜெர்மன் படிக்கத் தமிழை விட வேண்டுமா?

எங்கள் தெருக்கோடி வீட்டு நர்ஸ் பெண் ஜெர்மன் படிக்கிறாள். பி2 தேர்வில் தேறினால் அங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு வழி பிறக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் சந்தேகம் கேட்க வருவாள். போன வாரம் கேட்டாள்: "தாத்தா, இருபத்தெட்டு வருஷம் காலேஜில் ஜெர்மன் சொல்லிக் கொடுத்தீங்களே, உங்க பிள்ளைங்கள்ல எத்தனை பேர் ஜெர்மனி போனாங்க?"

எனக்குத் தெரிந்து நாலு பேர் என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஜெர்மன் ஆசையில் வரவில்லை, தமிழுக்குப் பயந்து வந்தார்கள். எங்கள் கல்லூரியில் முதல் பகுதி மொழியாகத் தமிழ் எடுக்கலாம், அல்லது ஜெர்மன் எடுக்கலாம். தமிழ் என்றால் செய்யுள், இலக்கணம், பக்கம் பக்கமாகக் கட்டுரை. ஜெர்மன் என்றால் அ, ஆவன்னாவிலிருந்து ஆரம்பம், மார்க் தாராளம். தமிழை விட்டு ஓடிய பிள்ளைகளை வைத்துத்தான் என் வீட்டில் உலை கொதித்தது. தமிழ்த்துறை நண்பர் ஒருவர் என்னை "ஆள்பிடிக்கிற ஐயா" என்று கேலி செய்வார். சிரித்துக்கொள்வேன், ஆனால் உள்ளே உறுத்தும்.

அதிலும் ஒரு வேடிக்கை. தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு ஜெர்மன் சீக்கிரம் வரும். ஜெர்மனில் நாலு வேற்றுமைதான், நமக்கோ எட்டு. இரண்டாம் வேற்றுமை என்று சொன்னதும் புரிந்துகொள்கிறவனுக்குப் பாதி வேலை முடிந்தது. 'மழை பெய்ததால்' என்பது போன்ற துணை வாக்கியத்தில் ஜெர்மனிலும் வினை கடைசிக்குப் போய்விடும், நம்மைப் போலவே. தகராறு பால் விஷயத்தில்தான். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. சிறுமியைக் குறிக்கும் சொல்கூட அஃறிணை போல நடக்கும். வகுப்பே சிரிக்கும்.

நான் சொல்ல வந்தது இதைவிடப் பெரிய விஷயம். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் தரங்கம்பாடி இருக்கிறது. 1706இல் சீகன்பால்க் அங்கே வந்து இறங்கினார். அவரும் கிரண்ட்லரும் 1712 முதல் நம் ஊர்க்காரர்களிடம் கேள்விகள் எழுதி அனுப்பி, பதில் கடிதங்கள் வாங்கினார்கள். சாமி, கல்யாணம், பள்ளிக்கூடம் என்று எல்லாம் வருகிறது. வெள்ளைக்காரர் நடத்தை பற்றிய குறைகளும் ஒளிவில்லாமல் இருக்கின்றன. மொத்தம் 99 கடிதங்கள். ஜெர்மனில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார்கள், அங்கே அச்சாயின. தமிழ் மூலங்கள் தொலைந்துவிட்டன. முந்நூறு வருடத்துக்கு முந்தைய நம் பாட்டன்மார் பேச்சு இன்று ஜெர்மனில்தான் இருக்கிறது.

இதில் வேலை செய்ய விடுப்புக் கேட்டேன். "பிள்ளைகளைப் பாஸ் பண்ண வையுங்கள், போதும்" என்றது நிர்வாகம். ஒரு கோடை விடுமுறையில் சொந்தச் செலவில் ஹாலே போய் வந்தேன். மனைவியின் இரண்டு வளையல்கள் அதற்கு உதவின. திரும்பும்போது ஒரு கட்டு ஜெராக்ஸ். பழைய ஜெர்மன் அச்சு அது, எஸ் எது எஃப் எது என்று கண்ணைக் கசக்க வைக்கும்.

இறுதியாண்டில் என் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பையனிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தேன். அரை மணியில் கடகடவென்று பொருள் சொல்லிவிட்டான். எனக்குப் பெருமை. பிறகு கேட்டான்: "சார், இது கேரளாக்காரங்க எழுதினதுதானே?" அந்தக் கால ஜெர்மானியர் தமிழை 'மலபார் மொழி' என்பார்கள், அதனால் வந்த குழப்பம். அதைச் சொன்னேன். ஆனாலும் ஊர்ச் சாமிகளின் பெயர்களை ஜெர்மானியர் காதில் விழுந்தபடி எழுதிய இடங்களில் மாட்டிக்கொண்டான். ஜெர்மனில் 'ஜே' எழுத்துக்கு 'ய' ஓசை என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் அந்த எழுத்துக்குள் பிள்ளையார் உட்கார்ந்திருப்பது தெரியவில்லை. தமிழ் எம்.ஏ. படித்த பெண்ணிடம் வாசித்துக் காட்டினேன். ஒரே மூச்சில் அத்தனை பெயரையும் சொன்னாள். அவளுக்கு ஜெர்மனில் ஓர் எழுத்து தெரியாது.

இருபத்தெட்டு வருடத்தில் இந்த இருவரையும் சேர்த்த ஒரே ஆளை என்னால் உருவாக்க முடியவில்லை. அதற்கு வழியே இல்லாதபடி பாடத்திட்டம் இருந்தது. ஜெர்மன் வேண்டுமானால் தமிழை விடு என்றது அது.

நான் ஓய்வு பெற்றதும் அந்த வகுப்பை மூடிவிட்டார்கள். வேலைக்கு ஜெர்மன் வேண்டுமென்றால் கோச்சிங் சென்டர் போதாதா என்கிறார்கள். போதும். எங்கள் தெருப் பெண் அங்கேதான் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். அதில் எனக்கு இளக்காரம் கிடையாது, வயிறு முக்கியம். ஆனால் சென்டரில் 1712ஆம் வருடத்துக் கடிதத்துக்கு யார் பீஸ் கட்டுவார்கள்? அதற்குத்தான் கல்லூரி. அந்தப் படிப்பைத் திரும்பத் திறந்தால், தமிழுக்குப் பதிலாகத் திறக்க வேண்டாம். தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கே சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஜெர்மன் வையுங்கள். வருடத்துக்கு ஐந்து பேர் வந்தாலும் சரி.

அந்த ஜெராக்ஸ் கட்டு பீரோவில்தான் இருக்கிறது. ஓரம் மஞ்சளாகிவிட்டது, எழுத்து இன்னும் தெளிவு. தமிழ் படித்து, ஜெர்மனும் கற்க ஆசையுள்ள பேரன் பேத்தி யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால் அனுப்பி வையுங்கள். நாலு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். பீஸ் கிடையாது, காபி உண்டு.