தமிழறிவும் ஆங்கிலத் தொடர்வினையும்

அண்மையில் நம் மாணவர் ஒருவர் வேலைக்கான நேர்முகத் தேர்வொன்றிற்குச் சென்று வாடிய முகத்தோடு திரும்பினார். கணினி இயக்கத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் வினவியவர்களிடம், 'எஸ் சார், ஐ ஆம் நோயிங்' என்றாராம், அவர்கள் நகைத்தனராம். "தமிழ்வழியில் பயின்றதன் குறை ஐயா இது" என்று நம்மிடம் வருந்தினார். அக்கூற்றை நாம் ஏற்கவில்லை.

தமிழில் எவரேனும் 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்பாரா? 'தெரியும்' என்றன்றோ கூறுவோம்! ஆகவே அவர் பிழைத்தது தமிழைப் பின்பற்றியதால் அன்று. தமிழை எண்ணிப் பாராமையால்.

தொடங்கி இன்னும் முடிவுறாத செயலைக் குறிப்பதே ஆங்கிலத் தொடர்வினையின் முதற்பணி. 'ஷி இஸ் ரைட்டிங்' எனின், அவள் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாள். 'ஷி ரைட்ஸ்' எனின், எழுதுதல் அவள் வழக்கம். 'ஐ லிவ் இன் மதுரை' என்பது நிலையான குடியிருப்பு. 'ஐ ஆம் லிவிங் இன் மதுரை' என்பது பெரும்பாலும் சில காலத் தங்கல். அறிதல், நம்புதல், உடைமை போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். அவற்றிற்குத் தொடர்வினை பொதுவாகப் பொருந்தாது. 'ஹேவ்' என்னும் ஒரே சொல், உடைமையைக் குறிக்கையில் தொடர்வினை ஏலாது. உண்ணுதலைக் குறிக்கையில் ஏற்கும்.

நிகழ்வதையும் நிலைத்ததையும் பிரித்தறிவது நமக்குப் புதிதன்று. முக்காலத்திற்கும் பொதுவான பொருளைக் கூறும் முறைக்குத் தொல்காப்பியரும் நன்னூலாரும் தனி நூற்பாவே வகுத்தனர். 'மலை நிற்கும்', 'ஞாயிறு இயங்கும்' என உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டினர். ஆங்கிலேயரும் 'தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்' என்றே கூறுவர். அங்குத் தொடர்வினை இடார்.

பொருள் விளங்கினால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். நண்பரிடையே போதும், வேலை வாயிலில் நிற்கும் ஏழை மாணவனுக்குப் போதாது. அவன் அறிவை அளக்குமுன் அவன் வினைமுற்றை அளந்துவிடுகிறார்கள்.

இதில் நம் பங்கும் உண்டு. ஆங்கில வகுப்பில் வினைகளையெல்லாம் ஒரே வாய்ப்பாட்டில் அடைத்து ஒப்புவிக்கச் செய்கிறோம். தமிழ் வகுப்பில் இலக்கணத்தை மதிப்பெண்ணோடு முடித்துக்கொள்கிறோம். இரு துறையினரும் ஒருங்கமர்ந்து இரு மொழி வினைகளையும் ஒப்பிட்டுக் கற்பித்தால் என்ன?

தமிழ் பயின்றால் ஆங்கிலம் வாராது எனப் பெரியோர்கள் அஞ்ச வேண்டா. மாணவச் செல்வங்களே! ஆங்கிலத்தில் ஐயம் எழும்போது ஒருகணம் தாய்மொழியைக் கேளுங்கள். எல்லா ஐயத்தையும் அது தீர்க்காது; ஆயினும், 'ஐ நோ' என்று தலைநிமிர்ந்து சொல்ல அது துணைநிற்கும்.