பொலிசாருக்கு மேலே யார்?

விஞ்ஞானக் கற்பனைக் கதைகளில் மோகங் கொண்ட பிள்ளைகள் உள்ள வீடுகளில் 'ஜட்ஜ் டிரெட்' என்ற பெயர் அறிமுகமாகியிருக்கும். 1977ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய சித்திரக்கதை வார ஏடொன்றின் நாயகன் அவன். 'மெகா சிட்டி வன்' என்னும் வருங்கால மாநகரில் காவல் புரிகிறான். அந்நகரிலே குற்றவாளியைப் பிடிப்பவனும் நீதிபதியே, தீர்ப்பு வழங்குபவனும் அவனே, தண்டனையை நிறைவேற்றுபவனும் அவனே. நின்ற இடத்திலேயே வழக்கு முடிந்துவிடும்.

இத்தகைய படைக்குக் கெட்டவன் ஒருவன் தலைவனானால் என்ன நிகழும் என்பதையும் அக்கதாசிரியர்கள் விட்டுவைக்கவில்லை. கால் என்னும் பித்தன் தலைமைப் பதவியைக் கைப்பற்றி, தான் வளர்க்கும் தங்கமீனைத் தனக்கு அடுத்த பதவியில் அமர்த்துகிறான்! பிள்ளைகள் இதைப் படித்து விழுந்து விழுந்து சிரிப்பர். நமக்கோ சிரிப்போடு ஓர் அச்சமும் தோன்றுகிறது. அந்நகரத்து மக்கள் முறையிடுவதற்குப் பொலிசாருக்கு மேலே ஓரிடமும் இல்லையே என்பதுதான் அந்த அச்சம்.

நிற்க. கற்பனை நகரை விட்டு நமது கொழும்புக்கு வருவோம்.

2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள தங்கு விடுதிகளின் கதவுகள் தட்டப்பட்டன. ஏ-9 பாதை முந்திய ஆண்டு ஆகஸ்டிலேயே மூடப்பட்டிருந்த காலம் அது. கடவுச்சீட்டுக்காகவும், வெளிநாட்டுப் பயணத்துக்காகவும், வைத்தியத்துக்காகவும் வடக்கு கிழக்கிலிருந்து வந்த நம்மவர் அவ்விடுதிகளில் நாட்கணக்கில் காத்திருந்தனர். தக்க காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருப்போர் என்று பொலிசார் தாமே முடிவு செய்தனர். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. 376 பேர் வரையில், ஆண்களும் பெண்களுமாக, பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மூட்டை கட்டுவதற்கு அரை மணி நேரங்கூடக் கிடைக்காதவர்கள் பலர். அவர்கள் தாமாக விரும்பிச் சென்றனர் என்றும் சொல்லப்பட்டது. அந்த விருப்பத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

ஆயினும் கொழும்பு, மெகா சிட்டி ஆகிவிடவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு உடனே உயர் நீதிமன்றத்தை நாடியது. மறுநாளே, ஜூன் 8ஆந் திகதி, அவ்வெளியேற்றத்தை நிறுத்துமாறு இடைக்காலத் தடையுத்தரவு பிறந்தது. அனுப்பப்பட்டவர்களுட் பலர் திரும்பி வந்தனர். அன்றைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். பொலிசாருக்கு மேலே ஒரு கதவு இருந்தது, தட்டப்பட்டது, ஒரே நாளில் திறந்தது.

எல்லார்க்கும் அது ஒரே நாளில் திறப்பதில்லை என்பதே நமது மனத்தை உறுத்தும் விஷயம். பொலிஸ் காவலில் சித்திரவதைக்கு உள்ளான ஒருவர் 2011ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். எதிர் மனுதாரர்களுள் ஒருவர் அப்போது பொலிஸ் அத்தியட்சகராயிருந்த தேசபந்து தென்னக்கோன். தீர்ப்பு வந்தது 2023 டிசம்பர் 14இல். பன்னிரண்டு வருஷங்கள்! மனுதாரரின் உரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் உறுதியாகச் சொன்னபோது, தென்னக்கோன் பதில் பொலிஸ் மா அதிபர் ஆகியிருந்தார். அத்தீர்ப்புக்குப் பின்னரும், 2024 பெப்ரவரியில், அவரே நிரந்தரப் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். தங்கமீன் கதையைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகளுக்கு இதை எவ்வாறு விளக்குவது?

அந்நியமனத்தை எதிர்த்த மனுக்களின் பேரில் 2024 ஜூலை 24இல் உயர் நீதிமன்றம் அவர் கடமையாற்றுவதைத் தடுத்தது. 2025 ஆகஸ்ட் 5இல் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. எதிராக ஒரு வாக்கேனும் விழவில்லை. பொலிஸ் மா அதிபர் ஒருவரைப் பாராளுமன்றம் நீக்கியது இந்நாட்டுச் சரித்திரத்தில் அதுவே முதன்முறை.

தலைவர் ஒருவர் போய்விட்டால் வியாதி தீர்ந்துவிடும் என்று கருதுபவர்கள், நமது பொலிஸ் எந்தச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். அது 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரத் தேசாதிபதி தம் குடிகளை அடக்கி ஆள்வதற்கென இயற்றிய அச்சட்டத்தில், பொலிசார் கைநோக்க வேண்டியது மேலிடத்தையே. சுதந்திரத்தின் பின் மேலிடம் மாறியதேயன்றி நோக்கும் திசை மாறவில்லை. நியமனமும் இடமாற்றமும் அரசியல்வாதியின் கையிலிருந்தால், அவன் சொற்படி நடப்பவனுக்கு நல்ல நிலையமும் நடவாதவனுக்குத் தண்ணியில்லாக் காடுமே வாய்க்கும்.

இதற்குப் பரிகாரமாகவே 2001இல் 17ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உண்டாக்கியது. 2010இன் 18ஆவது திருத்தம் அதன் அதிகாரங்களைக் குறைத்தது. 2015இன் 19ஆவது மீட்டது. 2020இன் 20ஆவது மீண்டும் பறித்தது. 2022இன் 21ஆவது மீண்டும் கொடுத்தது. ஊஞ்சலிலிருந்துகொண்டு யாரால் நீதி வழங்க முடியும்?

ஹொங்கொங் நகரின் அனுபவம் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. 1960களில் அங்கே 'தேநீர்க் காசு' கொடாமல் ஒரு காரியமும் நடவாது. தீப்பற்றிய வீட்டுக்கு வந்த தீயணைப்புப் படையினர்கூடக் காசைக் கண்ட பின்பே தண்ணீரைத் திறப்பர் என்று சொல்வார்கள். இலஞ்சத்தை விசாரிக்கும் பிரிவோ பொலிசுக்குள்ளேயே இருந்தது. பூனைக்குத் தோழன் பாலுக்குக் காவல்! 1973இல் பீட்டர் கோட்பர் என்னும் உயர் பொலிஸ் அதிகாரி விசாரணையிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு ஓடிவிடவே, ஜனங்கள் வீதிக்கு இறங்கினர். 1974 பெப்ரவரியில் பொலிசுக்கு வெளியே சுயாதீன ஆணைக்குழு ஒன்று நிறுவப்பட்டது. மறு வருஷம் கோட்பர் பிடித்துக் கொணரப்பட்டு நான்கு வருஷச் சிறைத் தண்டனை பெற்றார். 1977இல் பொலிசார் அந்த ஆணைக்குழுவின் அலுவலகத்துள் புகுந்து கலகம் விளைவித்தனர். பழைய குற்றங்கள் பலவற்றுக்கு ஆளுநர் மன்னிப்பு வழங்க நேர்ந்தது. அப்படியும் ஆணைக்குழு கலைக்கப்படவில்லை. நம் நாட்டிலோ இலஞ்சச் சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஹொங்கொங் ஆணைக்குழுவுக்கு இருபது வருஷம் மூத்தது. ஆனால் இலஞ்சத்தைத் துப்பறிய நெடுங்காலம் பொலிசிலிருந்தே ஆட்களை இரவல் வாங்கி வந்தோம்.

பொலிசாரில் நேர்மையானவர் இல்லையென்பது நமது கட்சியன்று. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமற் போயினர். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். கடற்படையினர்மீது குற்றஞ் சாட்டப்பட்ட அவ்வழக்கைத் தளராது துப்பறிந்தவர்கள் பொலிசின் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தாரே. அத்திணைக்களத்தின் பணிப்பாளராயிருந்த ஷானி அபேசேகர 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் காலிக்கு மாற்றப்பட்டார். 2020 ஜூலையில் கைதாகிப் பத்து மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்தார். 2025இல் பழைய ஆசனத்துக்கு மீண்டார். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு இவ்விடமாற்றங்களின் பொருள் நம்மைவிட நன்றாய்த் தெரியும்.

இனி வீட்டு விஷயம். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கிற்று. ஆயினும் காலி வீதிப் பக்கத்துக் குடும்பப் பெண்மணி ஒருவர் களவுபோன சங்கிலிக்கு முறைப்பாடு செய்யப் போனால், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்திட்டு வருவது இன்றும் அபூர்வமன்று. வாசிக்கத் தெரியாத கடுதாசியில் கையெழுத்திடல் ஆகாது. தமிழில் எழுதும்படி கேட்பது உரிமை. போக்குவரத்துப் பொலிசாரிடம் 'சந்தோசம்' கொடுத்துத் தப்பிவிடலாமென்று எண்ணும் ஐயாமாரும் ஒன்றை நினைவில் வைத்தல் நன்று: நமது சட்டத்தில் இலஞ்சம் கொடுப்பவனும் குற்றவாளியே.

இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. சட்டம் பிறந்த வருஷமே இலக்கமானபடியால் மறப்பதற்கில்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அவ்வாறே 1996. பொலிசாரின் நடத்தை பற்றித் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதி அறிவிக்கலாம். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போவதாயின், சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போதல் வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் நாட்கள் கணக்கிற் சேரமாட்டா. ஆகவே முறையிட்ட திகதி குறித்த துண்டைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்திக்கொள்க.