மேகமலை வௌவாலுக்குப் பாடத்தில் இடம் வேண்டும்

ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'சிறகின் ஓசை' என்றொரு பாடம் உண்டு. வலசைப் பறவைகளில் தொடங்கி, சிட்டுக்குருவிக்கு வந்து, சலீம் அலியிடம் போய்ச் சேரும். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பள்ளிகளில் அதைப் படிக்கிற பிள்ளைகள் சன்னல் வழியே பார்த்தால் மேகமலை தெரியும். அந்த மலையில் சலீம் அலியின் பெயரைத் தாங்கிய பழந்தின்னி வௌவால் ஒன்று வாழ்கிறது. உலகம் அதை முதலில் அறிந்ததே அந்த மலையிலிருந்துதான். பாடத்தில் அந்தச் செய்தி இல்லை. மாநிலம் முழுவதற்கும் எழுதப்படும் நூலில் ஒவ்வொரு மலையின் கதையும் இடம்பெறாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாம்.

1948இல் ஹைவேவிஸ் மலைத்தோட்டப் பகுதியில் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலருக்கு அந்த வௌவால் கிடைத்தது. அதன் உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. நம் தோப்புகளில் சாதாரணமாகத் திரியும் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் என்றே அதற்குச் சீட்டு எழுதி வைத்தார்கள். 24 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை ஆராய்ந்தார். வெளியே தெரியும் வால் அதற்கு இல்லை, பல்லமைப்பும் வேறு. சிற்றினம் மட்டுமன்றிப் பேரினமே புதிது என்று நிறுவி, சலீம் அலியின் பெயரைச் சூட்டினார்.

ஏழாம் வகுப்பில் 'வகைப்பாட்டியலின் அடிப்படைகள்' நடத்தும் அறிவியல் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல பத்தி எங்கே கிடைக்கும்? பேரினம், சிற்றினம் என்பவற்றைப் பிள்ளைகள் ஏணிப்படி வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். ஓர் உயிரை எந்தப் படியில் வைப்பது என்று அறிஞர்களே தடுமாறுவார்கள், மறுபடி எடுத்துப் பார்த்துத் திருத்துவார்கள் என்று அந்த வரிசை சொல்லாது. இந்த வௌவால் சொல்லும்.

விலங்குகளைப் பற்றிய அறிவியல் பத்திகளை நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் புரிந்து படிப்பதில்லை என்ற குறை குறுவள மையக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிறது. தடையில்லாமல் வாசிக்கிறார்கள், கேட்டால் விழிக்கிறார்கள் என்கிறோம். உடனே இன்னும் பத்துப் பத்திகள், இன்னும் ஐம்பது வினாக்கள் என்று பயிற்சித்தாள் அச்சாகிறது. அதனால் பெரிய பயன் விளையும் என்று நான் நம்பவில்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு பத்தி எங்கேயாவது தொட வேண்டும். தொடாத பத்தியை எத்தனை முறை படித்தாலும் அது ஒட்டாது.

இதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வு. ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் தேர்ந்தவர், பின்தங்கியவர், ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர், தெரியாதவர் என நான்கு வகையாகப் பிரித்து, படித்ததைப் பொம்மை மைதானத்தில் நடத்திக் காட்டவும் சொல்லவும் கேட்டார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், வாசிப்பில் தேர்ந்தும் ஆட்டம் தெரியாதவர்களைத் தாண்டிவிட்டார்கள். பின்தங்கிய மாணவர் என்று நாம் பெயர் எழுதி வைக்கும் பட்டியலை இந்த முடிவோடு சேர்த்து ஒருமுறை பார்க்க வேண்டும்.

தேனி மாவட்டத்தில் அப்படிப் பார்த்தால் மனம் நிறையும். மலைமாட்டுக் கிடை போடும் வீட்டுப் பிள்ளைக்குச் சினைமாட்டின் நடை தெரியும், ஈத்து எண்ணத் தெரியும், பகலில் மேய்ந்த மாடு கிடையில் படுத்து இரவெல்லாம் அசைபோடுவதைப் பார்த்தே வளர்ந்திருக்கும். கோம்பைப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்த ஊரின் பெயரையே தாங்கிய நாயின் குணம் அத்துபடி. வருசநாட்டில் ஆட்டுக்கு என்ன தழை ஆகும், எது ஆகாது என்று பிள்ளைகளே சொல்வார்கள். திராட்சைப் பந்தலில் இரவில் பழம் தின்ன வருவது எது என்று கம்பத்துப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஆறாம் வகுப்பில் 'விலங்குகள் வாழும் உலகம்' பாடம் தொடங்கும்போது இதில் எதுவும் வகுப்பறைக்குள் வருவதில்லை. ஒட்டகத்தின் தகவமைப்புக்கு நேராகப் போய்விடுகிறோம். ஒட்டகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்த விலங்கில் ஒருமுறை தகவமைப்பைக் கண்டுகொண்ட பிள்ளைக்கு ஒட்டகம் எளிது.

தெரிந்திருந்தாலே போதும் என்றும் விட்டுவிட முடியாது. அறிவியல் உரைநடை அப்பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கிறது. 'வறண்ட வாழிடங்களில் வாழும் விலங்குகள் நீரிழப்பைக் குறைக்கும் தகவமைப்புகளைப் பெற்றுள்ளன' என்று ஒரு வாக்கியம் எழுதினால், நமக்கு அது ஒரே செய்தி. பிள்ளைக்கு அதில் நான்கைந்து செய்திகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மழை குறைந்த இடம். அங்கே சில விலங்குகள் வாழ்கின்றன. உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். போவதைக் குறைக்கும்படி அவற்றின் உடலமைப்பு இருக்கிறது. அந்த அமைப்புக்குத்தான் தகவமைப்பு என்று பெயர். இப்படி அவிழ்த்து எழுதவும், அவிழ்த்ததை மறுபடி ஒரே வாக்கியமாகக் கட்டவும் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். கட்டத் தெரிந்தவருக்குத்தான் அடுத்த பத்தியை அவிழ்க்க வரும். வாரம் ஒரு வாக்கியம் போதும். ஆனால் எல்லா வாரமும் நடக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர் யார் என்பதில்தான் சிக்கல். வாசிப்பு தமிழாசிரியரின் வேலை என்று அறிவியல் ஆசிரியர் ஒதுங்குகிறார். விலங்கியல் தம் பாடமல்ல என்று தமிழாசிரியர் விடுகிறார். இருவரும் ஒரே பத்தியை ஒரே வாரத்தில் கையில் எடுத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

இனி வினாக்கள். ஒரு வாக்கியத்தைப் படியுங்கள்: 'லம்பிகள் பொதரும் காலத்தில் நுவளைகளை ஈனும்.' லம்பிகள் எப்போது நுவளைகளை ஈனும்? பொதரும் காலத்தில். முழு மதிப்பெண். லம்பி என்று ஓர் உயிர் உலகத்திலேயே இல்லை. 'பின்வரும் பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடை தருக' என்ற தலைப்பின் கீழ் நாம் கேட்கும் வினாக்களில் பெரும்பகுதி இந்த வகைதான். வினாவிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அதன் பக்கத்திலிருக்கும் சொல்லை எழுதிவிட்டால் போதும். அதில் கெட்டிக்காரரான பிள்ளை புரிந்து படிக்கிறது என்று நாமும் நம்புகிறோம், பெற்றோரும் நம்புகிறார்கள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வுக்கு உட்காரும்போது, யோசித்து எழுத வேண்டிய வினா வந்தவுடன் தடுமாறுகிறது. தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற 2009ஆம் ஆண்டுச் சுற்றின் பீசா தேர்வில், 15 வயதுப் பிள்ளைகளின் வாசிப்பில் நாம் பட்டியலின் அடியில் நின்றோம். அந்தத் தேர்வைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கட்டும். பத்தியிலிருந்து பெயர்த்தெழுத முடியாத வினாக்களை அது கேட்டது என்பதை மறுக்க முடியாது.

மேகமலை வௌவாலையே எடுத்துக்கொள்வோம். 'அந்த வௌவால் எந்த ஆண்டு கிடைத்தது?' என்று கேட்டால் லம்பி வினாதான். 'அது 24 ஆண்டுகள் எங்கே இருந்தது, பார்த்தவர்கள் ஏன் புதிது என்று நினைக்கவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். 24 என்ற எண்ணைப் பத்தியிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுகளை மட்டும் கொடுத்தால் இன்னும் நல்லது. 'உன் ஊர்த் தோப்பில் ஒரு வௌவாலைப் பார்க்கிறாய். அது எந்த வகை என்று சொல்ல எதைப் பார்ப்பாய்?' என்பது மூன்றாவது வினா. இதற்கு விடை எழுதப் பிள்ளை பத்திக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். வாலும் பல்லும் ஏன் பத்தியில் பேசப்பட்டன என்று அப்போதுதான் அதற்குப் பிடிபடும்.

வினா கேட்பதே கற்பித்தல் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1970களின் இறுதியில் டோலோரஸ் டர்கின் என்ற ஆய்வாளர் அமெரிக்க வகுப்பறைகளில் உட்கார்ந்து நேரத்தைக் கணக்கிட்டார். எப்படிப் புரிந்துகொள்வது என்று கற்றுத்தரச் செலவான நேரம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. படிக்கச் சொல்வதும், கேள்வி கேட்பதும், விடை சரியா என்று பார்ப்பதுமாகவே பாடவேளை போயிருந்தது. நம் பாடவேளைகளும் பெரும்பாலும் அப்படித்தான் போகின்றன. ஆசிரியரே பத்தியை வாய்விட்டுப் படித்து, ஓரிடத்தில் நின்று, 'இங்கே எனக்கு இது விளங்கவில்லை, முந்தைய வரிக்குப் போய்ப் பார்க்கிறேன்' என்று சொல்லிக் காட்டும் வகுப்பு அரிதாக இருக்கிறது. பிள்ளைகள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அரிக்கொம்பனைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தில் விலங்குப் பத்தி பேச முடியாது. 2023 ஏப்ரல் 29இல் கேரள வனத்துறை சின்னக்கானலில் அந்த யானையை மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டது. மே 27இல் அது கம்பம் நகருக்குள் வந்தது. 144 தடை உத்தரவு போட்டார்கள். சுருளிப்பட்டி, சண்முகாநதி அணைப் பக்கம் எல்லாம் சுற்றியபின், ஜூன் 5இல் சின்ன ஓவுலாபுரம் அருகே தமிழ்நாடு வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனது. ஏழாம் வகுப்புத் தமிழில் 'விலங்குகள் உலகம்' பாடம் பிள்ளைகளை அழைத்துப்போவதும் அதே முண்டந்துறைக்குத்தான்! யானைக் கூட்டத்துக்குப் பெண் யானையே தலைமை தாங்கும் என்று அந்தப் பாடம் சொல்கிறது. அப்படியானால் அரிக்கொம்பன் ஏன் தனியாக வந்தது? ஆண் யானை பருவம் எய்தியபின் கூட்டத்தைவிட்டு விலகும் என்று இன்னொரு பத்தி சொன்னால், இரண்டையும் சேர்த்து விடை காணும் வேலையைப் பிள்ளை செய்யும். இரண்டு உரைகளை இணைத்துப் படிப்பது நடுநிலை வகுப்பில் மிகக் கடினமான பயிற்சி. கம்பத்துப் பிள்ளைக்கு அதற்கான காரணம் வாசலிலேயே வந்து நின்றது.

எச்சரிக்கையும் வேண்டும். அந்த நாட்களில் ஓர் உயிர் போயிருக்கிறது. யானையாலும் காட்டுப்பன்றியாலும் விளைச்சலை இழந்த வீடுகளின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவில் நிறுத்தியது. மேகமலை 2021 முதல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்கியது. ஆகவே மலைமாட்டுக்காரர்களுக்கு அந்தத் தீர்ப்பு வெறும் செய்தி அல்ல. இதைப் பத்தியாக்கும் ஆசிரியர் மேய்ப்பவரின் நியாயத்தையும் காட்டின் நியாயத்தையும் ஒரே கவனத்தோடு எழுத வேண்டும். எந்த வரி தகவல், எந்த வரி கருத்து என்று பிரித்துப் பார்க்க எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல களம் இல்லை. 'தாவரங்கள் மற்றும் விலங்குகளைப் பாதுகாத்தல்' பாடத்தோடு சேர்த்தே நடத்தலாம்.

தெரிந்த விலங்கைப் பற்றிப் படிக்கும்போது வரும் ஒரு தொல்லையை இங்கே சொல்லிவிடுகிறேன். பிள்ளை பத்தியை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்ததை எழுதிவிடும். வௌவாலுக்குக் கண் தெரியாது, பாம்பு பால் குடிக்கும் என்பவை பத்தியில் நேர்மாறாக அச்சாகியிருந்தாலும் விடைத்தாளில் வந்து நிற்கும். பழந்தின்னி வௌவால்களுக்குப் பெரிய கண்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கண்ணையும் மூக்கையும் நம்பியே பழத்தைக் கண்டுபிடிக்கின்றன. இதைப் பத்தியின் நடுவில் சும்மா சொல்லிவிட்டுப் போனால் பதியாது. 'வௌவாலுக்குக் கண் தெரியாது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஏனென்றால்...' என்று தவறான எண்ணத்தை முதலில் எடுத்து வைத்து, மறுத்து, காரணம் காட்டும் பத்திகள் பிள்ளைகளின் எண்ணத்தை மாற்றுவதில் கூடுதலாக உதவுகின்றன என்று வாசிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. படிக்கும் முன் பிள்ளைகள் தாங்கள் நினைப்பதை ஏட்டில் எழுதட்டும். படித்தபின் எந்த வரி அதை மாற்றியது என்று அந்த வரியின் எண்ணைக் குறிக்கட்டும். மதிப்பெண் வேண்டாம்.

உத்தமபாளையத்தில் நமக்கு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எட்டு ஒன்றியங்களிலும் எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒன்றியத்துக்கு நான்கு பத்தி என்றாலும், ஓராண்டில் இந்த மாவட்டத்துக்கென்று 32 பத்திகள் சேரும். மலைமாடு, கோம்பை நாய், வரையாடு, சாம்பல்நிற மலையணில், பட்டுப்புழு, தேனீ என்று விலங்குகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு பத்தியும் 150 முதல் 200 சொற்களுக்குள் இருக்கட்டும். தகவலைக் கால்நடை மருத்துவர் ஒருவரோ வனத்துறையினரோ படித்துச் சரிபார்க்கட்டும். மேய்ப்பவர்களிடமும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். நாம் எழுதும் பிழையை அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை இதற்காகவே ஒதுக்குகிறோம். பத்தியையும் வினாக்களையும் மட்டும் அனுப்பாமல், வகுப்பில் அதைப் படித்த பிள்ளைகள் உங்களிடம் திருப்பிக் கேட்ட கேள்விகளையும் சேர்த்து அனுப்புங்கள். பத்திகளைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் முதலில் படிக்கப்போவது அவற்றைத்தான்.