பயம் மனசிலா, தெருவிலா?



"ஏழு மணிக்கு மேல அந்தத் தெரு வழியா வராதே, மெயின் ரோட்டுல சுத்திக்கிட்டு வா" என்று மகளிடம் சொல்லாத அம்மா நம்மில் யாராவது உண்டா? பெரம்பலூரிலும் அரியலூரிலும் புதிதாக முளைத்திருக்கும் 'நகர்'களில் இதை அடிக்கடி கேட்கலாம். அந்தத் தெருவில் ஏதாவது நடந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் "அப்படி ஒண்ணும் இல்லே, என்னவோ பயமா இருக்கு" என்றுதான் பதில் வரும். அந்த 'என்னவோ' என்னவென்று யோசித்துப் பார்த்தால், அதில் பெரும் பங்கு தெரு போட்ட விதத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

திருச்சி மாவட்டத்தைப் பிரித்து 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் வந்தது. அரியலூர் 2001-ல் தனி மாவட்டமாகி, 2002-ல் மறுபடி சேர்க்கப்பட்டு, 2007-ல் திரும்பவும் தனியானது. கலெக்டர் ஆபீஸ் வந்ததும் மனை வியாபாரமும் கூடவே வந்துவிட்டது. நேற்று வரை சோளம், பருத்தி விளைந்த காட்டில் கல் ஊன்றி, செம்மண் ரோடு போட்டு, "பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்" என்று நோட்டீஸ் அடித்தார்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அதற்குள் எத்தனையோ மனைகள் கை மாறியிருந்தன. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்து பட்டியலில் ஏறிய தெருக்களுக்கெல்லாம் விளக்கும் கூடவே ஏறிவிட்டதா? அதுதான் இல்லை.

பழைய ஊர்த் தெருவை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும், வாசலில் திண்ணை இருக்கும், பாட்டி உட்கார்ந்து கீரை ஆய்வார். புது ஆள் நுழைந்தால் "யாருப்பா நீ, யார் வீட்டுக்கு?" என்று நாலு குரல் வரும். அந்தத் திண்ணைக் கண் நம் பெண் பிள்ளைகளை வம்புக்கும் இழுத்தது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அது காவல்தான். புது நகரிலோ வீட்டைச் சுற்றி ஆளுயரக் காம்பவுண்டு, இரும்பு கேட். உள்ளே டி.வி. ஓடும் சத்தத்தில், வெளியே ஒருத்தி கத்தினாலும் கேட்காது. இரண்டு வீட்டுக்கு நடுவே நாலு காலி மனை, அதில் ஆள் மறையும் அளவுக்குச் சீமைக் கருவேல முள்.

வெளிநாட்டு அறிஞர்களும் இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி 1961-ல் எழுதிய புத்தகத்தில், நடமாட்டமும் கடை கண்ணியும் உள்ள தெருவே பாதுகாப்பு, பார்க்கும் கண்கள்தான் போலீஸ் என்றார். 1972-ல் ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர் வேறு கோணத்தில் பேசினார். நுழைவழி குறைவாக இருந்து, அங்கே குடியிருப்பவர்கள் 'இது எங்க இடம்' என்று உணர்ந்தால்தான் அந்நியன் தயங்குவான் என்பது அவர் வாதம். நம் நகர்களைப் பாருங்கள். இரண்டு பேர் சொன்ன நல்லதும் இல்லை! தெரு நேராக, இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிறது. சங்கிலியை அறுத்தவன் பைக்கில் நிமிஷத்தில் மெயின் ரோட்டைப் பிடித்துவிடலாம். ஆனால் நேர்த்தெருவுக்கு வர வேண்டிய ஜன நடமாட்டம் இல்லை. வீட்டுக்காரர் துபாய், சிங்கப்பூர் என்று போய், மாமியாரும் மருமகளும் மட்டும் இருக்கும் வீடுகளும் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கு இருட்டினால் எப்படி இருக்கும்?

அரியலூரில் இன்னொரு சங்கடம். சிமென்ட் ஆலைகளுக்கு ஓடும் லாரிகளுக்குப் பயந்து சந்தில் போக வேண்டும், சந்துக்குப் பயந்து மறுபடி லாரி ரோட்டுக்கே வர வேண்டும். கிராமங்களில் ஊரை விட்டுத் தள்ளி வயலுக்கு அப்பால் இருக்கும் காலனிப் பெண்களின் நிலை இதைவிட மோசம். பஸ்ஸை விட்டு இறங்கி விளக்கே இல்லாத பாதையில் நடந்தாக வேண்டும். அந்தத் தூரம் தானாக வந்ததில்லை, சாதி போட்ட தூரம்.

"தெரியாதவனுக்கு இவ்வளவு பயப்படணுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பலாத்கார வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவனே என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சொல்லி வருகிறது. உண்மையான ஆபத்து வீட்டுக்குள்ளும் உறவிலும்தான் அதிகம். ஆனால் பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்வது தெருவைப் பற்றிய பயமாக இருக்கிறதே! அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெரம்பலூர் பக்கம் எறையூரில் காலணித் தொழிற்சாலை வந்திருக்கிறது. படிப்பும் வேலையும் வாசலுக்கு வந்தும், "ராத்திரி ஷிப்டா? வேண்டாம்மா" என்ற ஒரு வார்த்தையில் சம்பளம் போய்விடுகிறது. இதை எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் யாரும் புகாராக எழுதுவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? கனடாவின் டொரான்டோ நகரில் 1989-லேயே பெண்கள் அமைப்பு ஒன்று வழி காட்டியது. பெண்கள் சேர்ந்து தெருவில் நடந்து, எங்கே விளக்கில்லை, எங்கே மறைவு, எங்கே தப்பிக்க வழியில்லை என்று குறித்தார்கள். நம் தில்லியில் ஜாகோரி அமைப்பு இதே வேலையைச் செய்தது. 2013-ல் 'சேஃப்டிபின்' என்ற செல்போன் செயலியும் வந்தது. செயலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நோட்டும் பேனாவும் போதும். மகளிர் சுய உதவிக் குழுவில் பத்துப் பேர் சேர்ந்து மாலை ஏழு மணிக்கு ஒரு நடை நடந்தால் தெருவின் குறை தெரிந்துவிடும்.

எழுதியதை நகராட்சியிலோ கிராம சபையிலோ மனுவாகக் கொடுங்கள். வெறுமனே 'பயமாக இருக்கிறது' என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். 'இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவே விளக்கு எரியவில்லை, இந்த மனையில் முள் வெட்டவில்லை' என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். பெரிய மனைப்பிரிவில் ரோடு போக மீதியில் 10 சதவீத இடம் பொது உபயோகத்துக்கு விட வேண்டும் என்பது விதி. அந்த இடம் உங்கள் நகரில் பூங்காவாக இருக்கிறதா, குப்பை மேடாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பெரியவர்களும் வந்து உட்காருவார்கள். தெருவுக்குக் கண் கிடைக்கும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்தாயிற்று. கேட்கிற இடத்திலும் பதில் சொல்கிற இடத்திலும் நாம்தானே இருக்கிறோம்?

புது வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காம்பவுண்டை இடுப்பளவு எழுப்பி, மேலே கம்பி போடுங்கள். வாசல் விளக்கு தெருவிலும் விழட்டும். முடிந்தால் ஒரு சின்னத் திண்ணை கட்டுங்கள். கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது நடந்ததைப் படம் பிடிக்கும், கூப்பிட்டால் ஓடி வராது. 181, 112 எண்கள் எல்லார் போனிலும் இருக்கட்டும்.

மகளை "அந்தத் தெரு வழியா வராதே" என்று தடுப்பதை விட, அந்தத் தெருவைச் சரி பண்ணச் சொல்லி மனு எழுதுவது நல்லதில்லையா? உங்கள் தெரு எப்படி இருக்கிறது? நீங்களும் எழுதுங்களேன்.

— ஒரு வாசகி, பெரம்பலூர்.