"கோழியைத் தொட்டீங்களா?"

பறவைக் காய்ச்சல்னா நுரையீரல் நோய்தானே என்று நானும் நினைத்திருந்தேன். வியட்நாமில் 2004-ல் ஒரு 4 வயதுச் சிறுவனுக்கு வயிற்றுப்போக்கு, வலிப்பு, பிறகு நினைவிழப்பு. மூளைக்காய்ச்சல் என்றார்கள், இறந்துவிட்டான். பின்னர் சோதித்தால், எச்5என்1 கிருமி தொண்டையில் மட்டுமல்ல, ரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும்!

காரணம்? சாதாரண ஃப்ளூ கிருமியின் மேற்புரதத்தை வெட்டிவிடும் நொதிகள் முக்கியமாக மூச்சுப்பாதையில்தான் உண்டு. எச்5என்1-க்கோ உடம்பெங்கும் உள்ள ஃபியூரின் நொதியே போதும். ரத்தத்தில் ஏறினால் வேறு உறுப்புகளிலும் பெருகலாம்.

ஆகவே, எந்தக் கடுங்காய்ச்சலுக்கும் டாக்டர்கள் முதலில் கேட்கட்டும்: "செத்த கோழியைத் தொட்டீங்களா?" கேட்காவிட்டால் நாமே சொல்வோம். இதில் வெட்கம் என்ன? உயிர் போனபின் ரத்தத்தைச் சோதித்து யாருக்கு லாபம்? சிந்திப்போம்!